அட்லாண்டாவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

ஜனவரி மூன்றாவது திங்கள், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் நாளுக்கு ஆபீஸ் லீவு. அன்று பிள்ளைகளோடு, அவர் பிறந்த தெருவான ஆபர்ன் அவென்யூ போனால் நாம் அந்நியமாகத் தெரிவோமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "கிங் அமைதியானவர், இப்போது தெருவில் இறங்குகிறவர்கள் மாதிரி இல்லை" என்று சக ஊழியர் சொன்னது சரியா என்றும்.

முதலில், தாராளமாகப் போங்கள். நான் வந்த முதல் வருஷம் அந்த லீவில் தள்ளுபடியில் மெத்தை வாங்கப் போனேன். மறுநாள் அதை ஆபீசில் பெருமையாகச் சொன்னபோது, பக்கத்து சீட்டில் இருந்த வயதான கறுப்பினப் பெண்மணி சிரித்துக்கொண்டே, "1965க்கு முன்னால் இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு எத்தனை பேரைக் குடியேற விட்டார்கள் தெரியுமா?" என்று கேட்டார். வெறும் 100. பிறந்த நாட்டைப் பார்த்து ஒதுக்கும் அந்தச் சட்டம் போனது, கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த அதே நாட்களில்தான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

சக ஊழியர் சொன்னது பாதிதான் சரி. கிங் தெருவில் இறங்காத ஆளா? அலபாமாவின் மாண்ட்கமரி நகரில், பஸ்ஸில் கறுப்பினத்தவரைத் தனியாக ஒதுக்கியதை எதிர்த்து, அவர் தலைமையில் 381 நாள் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. நடந்தார்கள், கார்களில் நெருக்கியடித்துப் போனார்கள். 1956 ஜனவரியில் ஒரு ராத்திரி அவர் வீட்டின் மேல் குண்டு வீசினார்கள். உள்ளே மனைவியும், பிறந்து சில வாரங்களே ஆன மகளும். கூட்டத்திலிருந்து ஓடி வந்து பார்த்தால், வாசலில் கையில் ஆயுதத்தோடு ஊரே திரண்டு நிற்கிறது. சேதமான வராந்தாவில் நின்று, ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள் என்றார். கலைந்து போனார்கள். ஆனால் மறுநாளும் யாரும் பஸ் ஏறவில்லை! அவருடைய அகிம்சை அதுதான்: அடிக்கவும் மாட்டார், விடவும் மாட்டார்.

1963இல் ஊர்வலம் போனதற்காக பர்மிங்ஹாம் சிறையில் இருந்தபோது அவரைக் கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னவர்களும் நல்லவர்கள்தான், வெள்ளையின மதகுருக்கள். செய்தித்தாளின் ஓரத்தில் பதில் எழுத ஆரம்பித்தார். ஒற்றுமை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. 1959இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் தாழ்த்தப்பட்ட குழந்தைகளிடம் அவரை, "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர்" என்று அறிமுகம் செய்தாராம். முதலில் சுருக்கென்றது, அப்புறம் யோசித்து, ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று ஒப்புக்கொண்டேன் என்று 1965இல் தன் சர்ச்சிலேயே சொன்னார். இங்கே நம்மவர்கள் வீட்டு விருந்தில் "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்பதைக் கேட்கும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வரும். அவர் படத்தைப் பகிர்கிறவர்களும் கேட்கிறார்கள்.

பார்க்கிங் கிடைக்காது, மார்ட்டா ரயிலில் கிங் மெமோரியல் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடுங்கள். கிங் பிரசங்கம் செய்த பழைய எபனேசர் சர்ச்சுக்குள் அவர் குரலில் பிரசங்கம் ஓடும், பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். வெளியே குளத்தின் நடுவில்தான் சமாதி. காற்று ஊசி மாதிரி குத்தும், சின்னவனுக்குக் குல்லா போட மறக்காதீர்கள்.