நோட்டில் வரைந்த இரண்டு பந்துகள்

ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். பிளஸ் டூ படிக்கும் மகள் டோபாலஜிதான் படிப்பேன் என்கிறாள். இழுத்தாலும் வளைத்தாலும் மாறாத வடிவக் குணங்களைப் படிக்கும் கணிதப் பிரிவு அது. உங்கள் மைத்துனரோ வீட்டுப் பத்திரத்தை வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கச் சொல்கிறார். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள்.

“ஏதோ பந்து வரைகிறாள்” என்று நீங்கள் அனுப்பிய அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அது கிறுக்கல் இல்லை. இரண்டு பந்துகளிலும் இரண்டிரண்டு கீறல் போட்டு, ஒன்றின் கீறல் விளிம்புகளை மற்றதன் விளிம்புகளோடு ஒட்டினால் உளுந்து வடை வடிவம் கிடைக்கும். அந்த வடையை ஒற்றைப் பந்தின் மேல் போர்த்தினால், பந்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே வடையின் இரண்டு புள்ளிகள் இருக்கும். கீறல் முனைகளான நான்கு இடங்களில் மட்டும் அவை ஒன்றாகிவிடும். இதைத்தான் பிராஞ்ச்டு கவரிங் என்கிறார்கள். ஓரத்தில் 2×2−4=0 என்று எழுதியிருக்கிறாளே, அது ரீமான்–ஹுர்விட்ஸ் சூத்திரம். ஒவ்வொரு வடிவத்துக்கும், வளைத்தாலும் மாறாத ஆய்லர் எண் என்று ஒன்று உண்டு. பந்துக்கு அது 2. இரண்டு பந்துக்கு 2×2, ஒன்றாகிவிட்ட நான்கு புள்ளிகளைக் கழித்தால் வடையின் எண் 0. பாடப்புத்தகத்தில் இல்லாததை ஆசைப்பட்டுத் தேடிப் போட்டிருக்கிறாள். இவளைப் பிடிக்காத படிப்பில் நான்கு வருடம் உட்கார வைப்பது தவறு.

சென்னையை அடுத்த சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் (Chennai Mathematical Institute) இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்த கணித அறிஞர் சி. எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கியது. அங்கே மூன்று வருட பி.எஸ்சி ஆனர்ஸில் கணிதத்தோடு கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்தே வருகிறது. மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள். ஜே.இ.இ. ரேங்க் வேண்டாம், அவர்களே நுழைவுத்தேர்வு வைக்கிறார்கள். டோபாலஜி கேட்க மாட்டார்கள். பள்ளிக் கணக்குதான், ஆனால் பல கேள்விகளுக்கு விடை மட்டும் போதாது, ஏன் என்று நிரூபிக்க வேண்டும். மனப்பாடம் உதவாது, தேர்வு கடினம். கட்டணச் சலுகை உண்டு. இந்த வருட அறிவிப்பை வரி விடாமல் படித்து, விண்ணப்பத்திலேயே கேளுங்கள்.

“அப்புறம் சோறு?” என்று கேட்டிருந்தீர்கள். ஆராய்ச்சிக்குப் போனால் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு மத்திய அரசு தரும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023இலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய். பாதை நீளம்தான், பேராசிரியர் வேலை எல்லோருக்கும் கிடைக்காது. அதை அவளிடமும் மறைக்காதீர்கள். பாதியில் மனம் மாறினாலும் கம்ப்யூட்டர் கையில் இருக்கிறது, தலையில் கடன் இருக்காது.

பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும். இந்த ஞாயிறு ஒன்றைக் கொடுத்துத் தனியாக உட்காரவிடுங்கள். எழுந்து வரும்போது அவள் முகத்தைப் பாருங்கள். மதிப்பெண்ணைப் பிறகு பார்க்கலாம்.