படுத்திருக்கும் அப்புச்சிக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை தேவையா?

கோபிச்செட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) 67 வயசுங்க. மஞ்சள் காட்டில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார். விண்வெளி வீரர்கள் மாதிரி, படுத்தே கிடப்பவர்களுக்கும் உடம்பில் ஆன்டிஆக்ஸிடன்ட் குறைந்துபோகும், மாத்திரை வாங்கிக் கொடுங்கள் என்கிறார் சொந்தக்காரர் ஒருவர். கொடுக்கலாமுங்களா?"

உடம்புக்குள் ஆக்சிஜனால் உண்டாகும் சேதத்தை, அதாவது ஆக்சிஜனேற்றத்தை, தடுப்பவைதான் ஆன்டிஆக்ஸிடன்ட். சொந்தக்காரர் சொன்னதில் முதல் பாதி சரிதான். எடையற்ற நிலையைத் தரையிலேயே ஆராய்வதற்கு, கட்டிலின் தலைப்பக்கத்தை 6 டிகிரி தாழ்த்தி ஆரோக்கியமானவர்களை வாரக்கணக்கில் படுக்க வைக்கிறார்கள். சாப்பாடு, குளியல் எல்லாம் படுத்தபடியேதான். எலிகள் என்றால் வாலைத் தூக்கிக் கட்டி, பின்னங்கால் தரையில் படாமல் விடுவார்கள்.

அப்படி விட்ட எலிகளின் கெண்டைக்கால் தசையில் ஒரு கோளாறு தெரிந்தது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியின் ஒரு வகை கூடியிருந்தது. அது, ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் சூப்பராக்சைடு என்ற கெடுதலான பொருளை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அந்தப் பெராக்சைடை அழிக்க வேண்டிய கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதிகளோ குறைந்திருந்தன. கரும்பு ஆலை வேகமாக ஓடுகிறது, சக்கையை அள்ளத்தான் ஆள் வரவில்லை என்பது போல. தேங்கும் பெராக்சைடு தசைப் புரதம் சிதைவதைத் தூண்டிவிடும்.

சரி, மாத்திரை கொடுத்து அதை அடக்கலாமே? அதையும் சோதித்துவிட்டார்கள். 2017-இல் பிரான்ஸின் துலூஸ் நகரில் 20 ஆண்களை 60 நாள் படுக்க வைத்து, பாதிப் பேருக்குப் பாலிஃபீனால் (தாவரங்களில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட்), விட்டமின் ஈ, செலினியம், ஒமேகா-3 சேர்ந்த கலவையைக் கொடுத்தார்கள். தசை இழப்பும் நிற்கவில்லை, எலும்பு இழப்பும் நிற்கவில்லை. ஆக்சிஜனேற்றம் முழுக்கக் கெட்டதல்ல என்பது ஒரு காரணமாக இருக்கலாம். உழைக்கும் தசைக்கு அது ஒரு சமிக்ஞையும் கூட. அதனால் என் பதில்: வேண்டாம், அந்தக் காசை முட்டைக்கும் பருப்புக்கும் செலவழியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறார் என்றால், அதிக அளவு விட்டமின் ஈ ரத்தக்கசிவு அபாயத்தையும் கூட்டும்.

அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்க வைத்தபோது கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிற்று. அடிபட்ட காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்று ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். அவர் சரி என்றால், முழங்காலை மெத்தையில் அழுத்தி ஐந்து விநாடி பிடித்து விடுவதைப் பத்து முறை, பகலில் பல தடவை செய்யட்டும். பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும். நல்ல காலுக்கும் கைகளுக்கும் வேலை வேண்டும். எழும்போது முதலில் உட்கார வைத்து, தலைசுற்றல் இல்லை என்று பார்த்த பிறகே நிற்க வையுங்கள்.

சாப்பாட்டில்தான் நம் வீடுகளில் தப்பு நடக்கிறது. நோயாளி என்றாலே கஞ்சியும் ரசஞ்சாதமும். இந்த வயதில், இந்த நிலையில், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும். 60 கிலோ என்றால் நாளைக்கு 72 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். அரிசிம்பருப்பு சாதத்தில் பருப்பைக் கூட்டிப் போடுங்கள், கொள்ளு கடையுங்கள், தயிர், மீன், கோழி என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் அளவு) பார்த்து, மருத்துவர் சொல்லும் அளவோடு நிறுத்துங்கள்.

அப்புறம் ஒன்று: கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸுக்கு 108-ஐக் கூப்பிடுங்கள்.