பிரிஸ்கெட் ஏன் கசந்தது? எந்த ஸ்மோக்கர் வாங்கலாம்?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். நண்பருடைய கெட்டில் கிரில்லில் (மூடியுள்ள உருண்டைக் கரி அடுப்பு) பிரிஸ்கெட், அதாவது மாட்டு நெஞ்சுக்கறி, புகைபோட்டேன். மேலே கசப்பு, உள்ளே ரப்பர். இப்போது சொந்தமாக ஒரு ஸ்மோக்கர் (புகையில் கறி வேகவைக்கும் அடுப்பு) வாங்க நினைக்கிறேன். 200 டாலருக்கு ஒரு ஆஃப்செட் (நெருப்புப் பெட்டி பக்கவாட்டில் இருக்கும் வகை) கிடைக்கிறது. நண்பரோ பெல்லட் கிரில்தான் வாங்க வேண்டும் என்கிறார். எது சரி?

பதில்: அந்த 200 டாலர் ஆஃப்செட் வேண்டாம். டெக்சஸின் பேர்போன பார்பிக்யூ கடைகளில் இருப்பதும் ஆஃப்செட்தான், ஆனால் அவை கனத்த இரும்பில் செய்தவை. மலிவாக வருவது மெல்லிய தகடு. சூடு தங்காது, மூடி இடுக்கெல்லாம் புகை ஒழுகும். நல்ல ஆஃப்செட்டிலேயே முக்கால் மணிக்கு ஒரு கட்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பெரிய பிரிஸ்கெட் வேக 12 மணி நேரம் கூட ஆகும். அவ்வளவு நேரமும் அடுப்புப் பக்கத்திலேயே இருக்கத் தயாரா?

பெல்லட் கிரில் அதற்கு நேரெதிர். மரத்தூளை அழுத்திச் செய்த துண்டுகளை மோட்டார் தள்ளிவிடும், சூட்டை அதுவே பார்த்துக்கொள்ளும். நீங்கள் தூங்கப் போகலாம். ஆனால் புகை மணம் கொஞ்சம் மெலிதாகத்தான் ஏறும், மின்சாரமும் வேண்டும். பெல்லட் நனைந்தால் உப்பிப்போய் உள்ளே அடைத்துக்கொள்ளும்.

உங்களுக்கு நான் சொல்வது வெபர் ஸ்மோக்கி மவுன்டன் போன்ற நெட்டுக்குத்தான கரி ஸ்மோக்கர். 18 அங்குல அகலம் போதும். பற்றாத கரியை நிரப்பி, மேலே கொஞ்சம் தணல் மட்டும் போடுங்கள். மினியன் முறை என்பார்கள். நெருப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கும், பல மணி நேரத்துக்குக் கரி சேர்க்கும் வேலை இல்லை.

ஆனால் எதை வாங்கினாலும் நெருப்பை மூச்சுமுட்ட வைத்தால் கசப்பு போகாது. ஊரில் ஈர விறகோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், அந்த வெள்ளைப் புகை கண்ணை என்ன பாடுபடுத்தும் என்று. காற்றுப் போதாமல் அரைகுறையாக எரியும் மரத்தின் புகை அது, கறியில் கரிப்பிசினாகப் படியும். மேல் துளையை முழுக்கத் திறந்தே வையுங்கள், சூட்டைக் கீழ்த் துளையில் மட்டும் கூட்டிக் குறையுங்கள். வெள்ளைப் புகை அடங்கி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீலப் புகை வந்த பிறகு கறியை வையுங்கள். மரச்சில்லுகளை ஊறவைக்கச் சொல்வார்கள், தேவையில்லை. அந்தத் தண்ணீர் ஆவியாகும் வரை புகையே சரியாக வராது.

மரத்துக்கு, டெக்சஸில் கேட்கவே வேண்டாம், போஸ்ட் ஓக் என்ற ஓக் வகைதான். மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்துக்கு உறவு மரம், காரமான புகை. நீண்ட நேர வேலைக்கு வேண்டாம். பைன், பெயின்ட் அடித்த பலகை பக்கமே போகாதீர்கள்.

ரப்பர் மாதிரி இருந்ததற்குக் காரணம், சீக்கிரம் இறக்கியது. ஸ்மோக்கர் 225 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கட்டும். கறியின் உள்சூடு 150, 160 வந்ததும் மேலே ஏறாமல் சில மணி நேரம் அடம்பிடிக்கும். ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிரவைப்பதால் அப்படி. பலர் பயந்து இறக்கிவிடுவது இங்கேதான். பொறுமை இல்லையென்றால் புச்சர் பேப்பரில் (கறி சுற்றும் தடித்த தாள்) சுற்றி மறுபடி வையுங்கள். 200ஐ ஒட்டி வரும்போதுதான் சவ்வு கரைந்து கறி இளகும். கம்பியைக் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். அப்புறம் ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள்.

மூடியில் உள்ள டயலை நம்பாமல், இரண்டு கம்பி உள்ள தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள்: ஒன்று கறிக்கு, ஒன்று கறி வைக்கும் கம்பித்தட்டுக்குப் பக்கத்தில். முதல் முறை பிரிஸ்கெட்டே வேண்டாம், பன்றித் தோள்கறியில் கை பழகுங்கள். முன்பின் ஆனாலும் கெட்டுப்போகாது. பன்றி சாப்பிடாத வீடு என்றால் ஆட்டுத் தோள்கறி.

மழை வந்தாலும் ஸ்மோக்கரைக் கராஜுக்குள் தள்ளாதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வீட்டுக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது.