வாசகர் கேள்வி – பதில்: முதல் சவரக்கத்தி

கேள்வி: பிளேடு ரேசரை விட்டுவிட்டு, பழைய முறையில் மடக்குச் சவரக்கத்தியால் நானே முகம் மழிக்கப் பழக விரும்புகிறேன். சில நூறு ரூபாயிலிருந்து பல்லாயிரம் ரூபாய் வரை விலை சொல்கிறார்கள். முதல் கத்தியாக எதை வாங்கலாம்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: விலையைக் கேட்பதற்கு முன், அந்தக் கத்தி முகச் சவரத்துக்கு ஏற்றபடி கல்லில் தீட்டப்பட்டதா, தீட்டியவர் யார் என்று விற்பவரிடம் கேளுங்கள். புதுக் கத்தி என்றால் கூராகத்தான் இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் பெயர் பெற்ற தொழிற்சாலைகளின் கத்திகள்கூடப் பல நேரங்களில் கன்னத்தில் வைக்கும் பதத்துக்குத் தீட்டப்படாமலே பெட்டியில் வந்து சேர்கின்றன. மயிரை அறுக்காமல் இழுக்கும் கத்தியோடு பழகத் தொடங்குபவர், தம் கைதான் சரியில்லை என்று எண்ணி இரண்டே வாரத்தில் அதைப் பரணில் போட்டுவிடுவார். ஆகவே, சில நூறு ரூபாய்க்குப் பளபளவென்று கிடைப்பவற்றை ஒதுக்கிவிட்டு, நடுத்தர விலையுள்ள ஒன்றை, அனுபவமுள்ள ஒருவர் கல்லில் தீட்டிக் கொடுத்த நிலையில் வாங்குவதே என் பரிந்துரை.

அகலம் அடுத்தது. சவரக்கத்தியின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை அளவாகக் கொண்டு குறிப்பது வழக்கம். 5/8 என்பது ஏறத்தாழ 16 மில்லிமீட்டர், 6/8 என்பது 19 மில்லிமீட்டர். இவ்விரண்டில் ஒன்று போதும். இதைவிடக் குறுகியது மூக்கின் அடியில் எளிதாக நுழையும் என்றாலும், நுரையைக் குறைவாகவே தாங்குவதால் அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். அகலமானதோ மூக்கின் அடியில் இடிக்கும். இரு பக்கமும் குழிவாகத் தேய்த்து மெல்லியதாக்கிய கத்தி அலகே தீட்டுவதற்கும் எளிது, மயிர் அறுபடுவதை விரல்களுக்கு உணர்த்துவதிலும் சிறந்தது. குழிவில்லாத கனத்த ஆப்பு வடிவக் கத்திகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நுனி மட்டும் கட்டாயம் உருண்டையாக இருக்கட்டும், ஏனெனில் சதுர நுனியின் மூலை காது மடலையும் மூக்கோரத்தையும் கீறாமல் விடாது.

ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரப் பெயரை, அந்த வட்டாரத்தில் செய்த வெட்டுக்கருவிகளில் மட்டுமே பொறிக்கலாம் என்று அந்நாட்டில் 1938 முதல் சட்டமே இருக்கிறது. அது எஃகின் தரத்துக்கு ஓரளவு உறுதி தரும், தீட்டலுக்குத் தராது. நீங்கள் கடலோரத்தில் இருப்பதால் துருப்பிடிக்காத எஃகு கிடைத்தால் நல்லது. கார்பன் எஃகு கல்லுக்கு எளிதில் இணங்கும். ஆனால் உப்புக்காற்றில், ஈரம் போகத் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெயை மெல்லப் பூசி வைக்காவிட்டால் மறுநாளே புள்ளி விழும். குளியலறையில் மட்டும் வைக்காதீர்கள்.

கத்தியோடு, கூரைச் சீர்படுத்த ஒரு தோல்வாரும் வேண்டும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன் கத்தியின் முதுகு முன்னே செல்ல, வாய் (கூர் விளிம்பு) பின்னே வர, அதில் முப்பது நாற்பது முறை இழுக்க வேண்டும். திருப்பும்போது முதுகு தோலை விட்டு எழக் கூடாது. பழகும் காலத்தில் வாரை அறுக்காதவர் யாருமில்லை (என் முதல் வாரில் ஏழு வெட்டுகள்), எனவே அதை மலிவானதாகவே வாங்குங்கள்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரப் பெயர் பொறித்த கத்தி துருவோடு கிடைத்தது. அதிலேயே பழகலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: மூன்று இடங்களைப் பாருங்கள். அலகில் விரிசல் இருந்தால் அது நினைவுப்பொருளாகவே இருக்கட்டும். உடலில் படிந்த துரு கவலைக்குரியதன்று. வாயில் துரு அரித்துக் குழிகள் விழுந்திருந்தால், அங்கே சீரான கூர் எழும்புவது கடினம். மூன்றாவது, முதுகு. சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்கும் என்பதால், முதுகின் தடிப்பே வாயின் கோணத்தை முடிவு செய்கிறது. பல ஆண்டுத் தீட்டலில் முதுகு ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் அந்தக் கோணம் கோணலாகிவிடும். மூன்றும் தேறினால் தீட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். முதல் மாதத்திலேயே சாணைக்கல் வாங்கித் தாத்தாவின் கத்தியில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சலூனில் பயன்படுத்தும், பிளேடு மாற்றும் கத்தியிலேயே தொடங்கினால் என்ன?
– வாசகர், ஈரோடு

பதில்: தொற்றுக்கு அஞ்சி நம் சலூன்கள் அதற்கு மாறியது சரியான முடிவு. பாதி பிளேடைச் செருகினால் போதும், கல்லும் வாரும் தேவையில்லை. ஆனால் அது எடை குறைந்தது. பிளேடின் மூலைகள் கூரியவை. சிறு பிழையையும் பொறுக்காது. பிறர் முகத்தில் நாள்தோறும் பழகிய கைக்கு அது எளிது. கண்ணாடி பார்த்துத் தன் முகத்தில் தொடங்குபவர், அதில் பழகுவதானால் முதல் வாரம் கன்னங்களோடு நிறுத்திக்கொண்டு, தாடையையும் மேலுதட்டையும் வழக்கமான ரேசருக்கே விட்டுவிடுவது நல்லது.