கணினியில் உருவாக்கும் படங்களைக் கலை என்று சொல்லலாமா? எல்லாவற்றையும் கணினிதானே செய்கிறது?

இது நீங்களாக யோசித்துக் கேட்ட கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு யாரோ இப்படிச் சொல்லியிருக்க வேண்டும். என்னிடமும் சொன்னார்கள். பதினான்கு ஆண்டுகள் ஆகியும் அது ஆறவில்லை; அதனால்தான் எழுதுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் பென்சிலிலும் எண்ணெய் வண்ணத்திலும் வரைந்த பிறகே முப்பரிமாண மென்பொருளுக்கு வந்தேன். முதலில் செய்ய நினைத்தது என் பாட்டியின் கைகளை. நூல் கோப்பதற்காக ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக ஊசியை உயர்த்திப் பிடிப்பார். அந்த நொடிதான் படம். கையின் வடிவம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. ரெண்டர் செய்து, அதாவது ஒளியையும் நிழலையும் கணினி கணக்கிட்டு முழுப் படமாக்கித் தந்ததைப் பார்த்தால், பொம்மையின் கை. சுருக்கங்களைக் கூட்டினேன், நரம்புகளைப் புடைக்க வைத்தேன். வயதான பொம்மையின் கையாக மாறியது, அவ்வளவுதான்.

ஓர் இரவு அறையை இருட்டாக்கி, என் விரல்களுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். விரல்களின் ஓரம் சிவந்து ஒளிர்ந்தது. தோலில் படும் ஒளி முழுவதும் மேலேயே தெறித்துவிடுவதில்லை. ஒரு பகுதி உள்ளே நுழைந்து, சிதறி, வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. நீலமும் பச்சையும் வழியிலேயே உறிஞ்சப்பட, சிவப்புதான் அதிக தூரம் போகிறது. இதை நடைமுறையில் கணக்கிடும் வழியை கணினி வரைகலை ஆய்வாளர் ஹென்ரிக் வான் ஜென்சனும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்டார்கள். என் மென்பொருளிலும் அந்த வசதி இருந்தது. ஆனால் பாட்டியின் தோலுக்கு எவ்வளவு ஆழம், எவ்வளவு சிவப்பு என்று அதற்கு எப்படித் தெரியும்? எண்களை மாற்றி மாற்றிப் பதினோர் இரவுகள் போயின. ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடக் காத்திருப்பு. அளவு கூடினால் மெழுகு, குறைந்தால் பிளாஸ்டிக். கடைசியில் சுண்டுவிரல் ஓரத்தில் அந்தச் சிவப்பு வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அந்தப் படத்தைத்தான் ஒரு கண்காட்சிக்காரர்கள், "இயந்திரம் செய்தவற்றை ஏற்பதில்லை" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்கள்.

வேரா மோல்னார் என்ற ஓவியர் 1968இல் பாரிஸில் கணினியைக் கையில் எடுத்தார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தானே விதிகளை வகுத்துக்கொண்டு அவற்றின்படி கையால் வரைந்து வந்தார். அதைத் தன் 'கற்பனை இயந்திரம்' என்றார். சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கி, ஒழுங்கை லேசாகக் குலைத்த அவருடைய 1974ஆம் ஆண்டுப் படங்களைத் தேடிப் பாருங்கள். கோடுகளை இழுத்தது கணினியோடு இணைந்த பிளாட்டர் கருவி. எவ்வளவு குலைய வேண்டும் என்று முடிவு செய்த கண் அவருடையது.

உடனே சண்டைக்கு வருபவர்களுக்கு: தூரிகையை நான் குறைத்துப் பேசவில்லை, அது கற்றுத் தந்த கண் இல்லாவிட்டால் டார்ச்சை எடுத்திருக்கவே மாட்டேன். நாலு சொல் தட்டினால் முழுப் படத்தைத் தரும் செயற்கை நுண்ணறிவு வேறு வழக்கு, அதை இங்கே இழுக்க வேண்டாம். ஆயத்த மாதிரிகளை வாங்கி அடுக்கிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. பிறர் ஓவியத்தை அப்படியே நகலெடுப்பவர்கள் எண்ணெய் வண்ணத்திலும் இருக்கிறார்களே!

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிராகரிப்பைவிட எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல் வேறு. நான் காசு கொடுத்து வாங்கிய அந்த மென்பொருளை நிறுவனம் கைவிட்டுவிட்டது. அதன் கோப்பை இன்று எதிலும் முழுமையாகத் திறக்க முடியவில்லை. வடிவம் வருகிறது, தோலுக்குக் கொடுத்த அளவுகள் எதுவும் வருவதில்லை. பதினோர் இரவுகளின் எண்கள் போயே போய்விட்டன. மிஞ்சியது சுவரில் மாட்டிய ஓர் அச்சுப் பிரதி, அதுவும் வெயில் பட்டு வெளிறுகிறது. இப்போது பிளெண்டர் என்ற வேறொரு முப்பரிமாண மென்பொருளில் வேலை செய்கிறேன், முக்கியமான எண்களை நோட்டில் கையால் எழுதி வைக்கிறேன். நீங்களும் இன்றே எழுதத் தொடங்குங்கள்.