ஒரே டிக்கெட், மூன்று விமானம்

கேள்வி: டொரண்டோவில் இருக்கும் மகளிடம் போகிறோம். திருவனந்தபுரத்தில் போடும் பெட்டியை டொரண்டோவில்தான் எடுக்க வேண்டுமாம். நடுவில் கம்பெனி மாறுகிறதே, எப்படி? இவர்கள் எல்லாம் ஒரே விமானக் கூட்டணியாம்; ஏர் இந்தியா அதில் எப்படிச் சேர்ந்தது?
– வாசகி, களியக்காவிளை

பதில்: நீங்கள் போகும் ஏர் இந்தியா, லுஃப்தான்சா, ஏர் கனடா மூன்றும் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் உறுப்பினர்கள். அதனால்தான் ஒருவர் வாங்கிய பெட்டியை அடுத்தவர் கொண்டுபோகிறார். 1997-இல் ஐந்து நிறுவனங்கள் தொடங்கிய கூட்டணி அது. அதற்குப் போட்டிக் கூட்டணிகளான ஒன்வேர்ல்டு 1999-இலும், ஸ்கைடீம் 2000-இலும் வந்தன.

சேர்வது லேசான காரியமல்ல. பாதுகாப்புத் தணிக்கை, முன்பதிவுக் கணினி இணைப்பு, பயணிகள் சேர்க்கும் மைலேஜ் புள்ளிக் கணக்கு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஏர் இந்தியாவுக்கு 2007-இல் அழைப்பு வந்தது, 2011-இல் நிறுத்திவைத்தார்கள், 2014 ஜூலையில்தான் கதவு திறந்தது. அதற்காகச் சேர்ந்தவர்கள் எல்லாம் கட்டுண்டு கிடப்பதில்லை. ஸ்டாரைத் தொடங்கிய ஐந்தில் ஒன்றான ஸ்காண்டிநேவிய நிறுவனம் எஸ்.ஏ.எஸ். 2024 செப்டம்பரில் ஸ்கைடீமுக்குத் தாவிவிட்டது!

உங்கள் விஷயத்தில் கூட்டணியைவிட முக்கியம், எல்லாப் பயணமும் ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருப்பது. மலிவு என்று தனித்தனி டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது கைக்காசுதான் போகும். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இந்தக் கூட்டணியில் இல்லை. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை.

கவுண்டரில் பெட்டிச் சீட்டைப் பாருங்கள். கடைசி ஊராக டொரண்டோவின் குறியீடு 'ஒய்.ஒய்.இசட்' இருக்க வேண்டும். வழியில் விமானம் மாறும் டெல்லியின் 'டி.இ.எல்.' மட்டும் இருந்தால், கவுண்டரிலேயே நின்று மாற்றச் சொல்லுங்கள்.