விண்டோஸ் வேண்டாம், அதற்கான பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: இன்ஜினீயரிங் முதலாண்டு படிக்கும் என் மகனுக்குப் போன வாரம் புதுச்சேரியில் 52,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். இலவச இயங்குதளமான லினக்ஸ்தான் போடப்போகிறேன், விண்டோஸ் இல்லாமல் தாருங்கள் என்றான் மகன். "அப்படியெல்லாம் வராது சார்" என்ற கடைப் பையன், அங்கேயே பெட்டியைப் பிரித்து, தானே எல்லாவற்றையும் அமுக்கி ஆன் செய்து கொடுத்துவிட்டார். விண்டோஸுக்கான பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கேட்கலாம். ஆனால் உங்கள் வழக்கின் உயிர், கடைப் பையன் அமுக்கிய ஒரு பொத்தானில் இருக்கிறது.

புது லேப்டாப்பை ஆன் செய்ததும் நாடு, கீபோர்டு, வைஃபை எல்லாம் கேட்டுவிட்டு விண்டோஸின் லைசென்ஸ் ஒப்பந்தம், 'ஏற்கிறேன்' என்ற பொத்தானோடு திரையில் வரும். யாரும் படிப்பதில்லை. நிபந்தனைகளை ஏற்காதவர் மென்பொருளைப் பயன்படுத்தக் கூடாது, தயாரிப்பாளரின் விதிப்படி அதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று அதிலேயே இருக்கிறது. கூடவே ஒரு கொக்கியும் உண்டு: லேப்டாப்பையும் சேர்த்துத்தான் தர வேண்டும் என்று தயாரிப்பாளர் விதி வைத்திருக்கலாம்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படையே சம்மதம்தான். உங்களைக் கேட்காமல் கடைக்காரர் அமுக்கியது உங்கள் சம்மதம் ஆகாது என்றுதான் நான் வாதிடுவேன். "நீங்களே போட்டுக் கொடுங்க" என்று சொல்லியிருந்தால் வாதம் பலமிழக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி இன்றே எழுதி வையுங்கள். மகன் விண்டோஸைப் பயன்படுத்த வேண்டாம். அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம்.

அப்புறம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கியே தீர வேண்டும் என்று நிபந்தனை போடுவதை, பிரிவு 2(41) கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது. உங்கள் கையில் உள்ள நல்ல ஆயுதம் இதுதான். எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. இரண்டும் சேர்ந்து ஒரே பொருள், விண்டோஸ் இல்லாமல் வரும் டாஸ் மாடலும் சந்தையில் இருக்கிறதே என்பார்கள். மென்பொருளோடு கணினி விற்பது மட்டுமே முறைகேடு ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016-இல் சொன்னதையும் நீட்டுவார்கள். அது நம் நுகர்வோர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. இத்தாலியில் கதை வேறு: லைசென்ஸ் பணத்தைத் தராமல் வாடிக்கையாளரை இழுத்தடித்த கணினி நிறுவனம் 20,000 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று மோன்ஸா நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எது வேண்டும் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். 52,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கடையோடு மல்லுக்கு நிற்காமல், தயாரிப்பு நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் எழுதுங்கள். மாடல், சீரியல் எண், பில் நகல், லைசென்ஸை நீங்கள் ஏற்கவில்லை என்ற விவரம் எல்லாம் இருக்கட்டும். 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியது புதுச்சேரியில் என்றாலும் நீங்கள் குடியிருப்பது கடலூரில்; நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 34-இன்படி கடலூர் ஆணையத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், பில்லில் விண்டோஸுக்குத் தனி விலை இருக்காது. அதே பிராசஸர், அதே ரேம் உள்ள டாஸ் மாடலுக்கு ஒரு கொட்டேஷனும் விண்டோஸ் மாடலுக்கு ஒரு கொட்டேஷனும் வாங்குங்கள். அந்த வித்தியாசத்தையும், அலைச்சலுக்கு இழப்பீட்டையும் கேளுங்கள். சீரியல் எண் ஒட்டிய அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.